அனுமதி பெற்ற திருஷ்டிப் பொம்மை

ஒரு கட்டடம் கட்டி முடிந்துவிட்டதா இல்லையா என்று கண்டுபிடிக்க செங்கல்பட்டுப் பக்கம் எளிய வழி ஒன்று உண்டு. அண்ணாந்து பார்க்கவேண்டும். வைக்கோல் திணித்த பேண்ட் சட்டையும், கோரைப்பல்லும், தொங்கும் நாக்குமாய் ஒரு திருஷ்டிப் பொம்மை தெரிந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பொம்மையைக் காணோம் என்றால் வேலை முடிந்தது, பால் காய்ச்சப் போகிறார்கள், பந்தியில் இடம் பிடிக்கலாம். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை, அரசாங்கம் உள்ளே வரும் வரை.

கருங்குழி தனகோடியும் இதை நம்பிப் பிழைத்தவர்தான். ஜல்லி லாரி ஓட்டினார், அப்புறம் லாரிகளை ஓட்டவைத்தார், அப்புறம் மனை பிரித்து விற்றார், கடைசியில் 'புரமோட்டர்' என்ற பதவியை அடைந்தார். மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில், மணல்மேடாகக் கிடந்த ஓர் இடத்தில், கடலைப் பார்த்தாற்போல நாற்பது மாடி சொகுசுக் குடியிருப்பு எழுப்ப ஆரம்பித்தார். அதை முடிக்கவேண்டிச் சொந்த வீட்டையே விற்றார். நாற்பது மாடிக்கு அதிபதி அதன்பிறகு குடியிருந்தது சிங்கப்பெருமாள் கோயிலில், மாவு மில்லுக்கு மேலே ஒரு வாடகைப் போர்ஷனில். கீழே மிளகாய் அரைக்கிற நாளில் மேலே குடும்பமே தும்மும்.

தும்மிக்கொண்டாவது காலத்தை ஓட்டியிருப்பார். மகன் விஷால் காதலித்துத் தொலைத்தான். பெண் கீர்த்தனா தங்கமான பெண். அவள் அப்பா ராஜேந்திரன் தாம்பரத்து ஜவுளிக்கடைக்காரர். சம்பந்தம் பேச வந்தவர், போர்ஷனில் உட்கார்ந்தார், தும்மினார், எழுந்தார். வாடகை வீட்டுக்குப் பெண் கொடுக்கும் வழக்கம் அவர்கள் வகையறாவில் இல்லையாம்.

"உங்க நாப்பதாவது மாடில பால் காச்சுங்க. அன்னிக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம். தை தாண்டிச்சுன்னா திருப்பூர்லருந்து வேற எடம் ஒண்ணு வந்துகினு கீது," என்று செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, ஒரு கல்யாணம் ஒரு கட்டடத்தை நம்பி நின்றது. கட்டடமோ எந்தப் பாணியில் நிற்பது என்று தெரியாமல் நின்றது.

காரணம் வசந்தா. தனகோடியின் மனைவியாக ஐரோப்பா டூர் கிளம்பிய வசந்தா, திரும்பும்போது ஏதோ ஒரு சமஸ்தானத்தின் மகாராணியாகத் திரும்பியிருந்தார். அவருக்குத் தூண்கள் வேண்டும். கட்டிப்பிடித்தால் கை எட்டக்கூடாத தூண்கள். வாசலில் சிங்கங்கள் வேண்டும். உச்சியில் கும்பாவைக் கவிழ்த்தாற்போல ஒரு கோபுரம் வேண்டும். படிக்கட்டு இரண்டு பக்கமும் பிரிந்து இறங்கவேண்டும். தான் இறங்கும்போது கீழே யாராவது நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும். கூரையில் இறக்கை முளைத்த அம்மணக் குழந்தைகளும் வேண்டும் என்றார். வரையவந்த மதுராந்தகத்து ஓவியர் மானஸ்தர். எல்லாக் குழந்தைக்கும் ஜட்டி போட்டுவிட்டுத்தான் கூலி வாங்கினார்.

விஷால் மெல்பர்னில் கட்டடக்கலை படித்தவன். கறுப்புத் தவிர வேறு உடுத்தமாட்டான். அம்மாவின் தூண்களைப் பார்த்தாலே அவனுக்கு மைக்ரேன் வரும். "டாட், தூண்லாம் வன்முறை. சுவரு சுவராவே இருக்கணும். சிமெண்ட்டு மேல பெயிண்ட் அடிக்கறது பொய் சொல்றா மாதிரி," என்பான். அவன் அமைத்துக் காட்டிய மாடல் வீட்டில் கைப்பிடி இல்லை, சுவிட்ச் இல்லை, அலமாரி எது கதவு எது என்ற பேதமும் இல்லை. பார்வையிடப் போன தனகோடி அவசரத்துக்குக் கழிவறை தேடி வெகுநேரம் சாம்பல் நிறச் சுவரைத் தடவினார். கடைசியில் கீழே இறங்கி, கொத்தனார்களின் தகரக் கொட்டகையில் காரியத்தை முடித்துக்கொண்டார். அங்கே கதவு கதவாகவே இருந்தது.

வீட்டில் சமையல் நின்றது. தனகோடி யோசித்தார். பங்காளிச் சண்டையில் கிணற்றைப் பாகம் பிரித்துப் பழகியவர். கீழ் இருபது மாடி அம்மாவுக்கு, மேல் இருபது மாடி பிள்ளைக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்படியே கட்டினார்கள். கீழே அரண்மனை, மேலே ஐஸ்பெட்டி. உச்சிக்குப் போகவேண்டிய கும்பா கோபுரம், உச்சி பிள்ளையின் பங்கில் போய்விட்டதால், இருபதாவது மாடியிலேயே பாதி வெளியே பிதுங்கிக்கொண்டு தொப்பை மாதிரி நின்றது.

அந்தத் தொப்பையை மறைக்கத்தான் மேஸ்திரி ஏசுபாதம் அங்கே திருஷ்டிப் பொம்மையைக் கட்டினார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இதிலெல்லாம் உனக்கு நம்பிக்கை உண்டாடா என்று தனகோடி கேட்டதற்கு, "எனக்கு இல்ல அண்ணாத்த. கட்டடத்துக்குக் கீதே," என்றார். ஆள் உயரப் பொம்மை நாற்பது மாடியில் கொசு மாதிரி தெரியும் என்று, மூன்று மாடி உயரத்துக்குச் செய்தார். தார்ப்பாயில் பேண்ட், கட்டம் போட்ட பெட்ஷீட்டுகளில் சட்டை, உள்ளே டிராக்டர் டிராக்டராக வைக்கோல்.

இந்த நேரத்தில்தான் கடலோர உயர்மாடக் கட்டட முகத்தோற்ற நெறிப்படுத்து ஆணையம் உதயமானது. செங்கல்பட்டில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேலே, கைப்பிடி இல்லாத படி ஏறிப் போகவேண்டிய அலுவலகம். கடற்காட்சியின் கண்ணியத்தை முன்னிட்டு, ஒவ்வொரு உயர்மாடக் கட்டடமும் தான் மரபு வகையா, நவீன வகையா என்பதை ஐயத்துக்கு இடமின்றித் தெரிவித்து ஒப்புதல் பெறவேண்டும் என்பது அதன் முதல் ஆணை. மரபுப் பிரிவுக்கு அதிகாரி திருநாவுக்கரசு. நவீனப் பிரிவுக்கு அதிகாரி ரஞ்சித்குமார். இருவருக்கும் ஒரே அறை, ஒரே ஃபேன். பேச்சுவார்த்தை கிடையாது.

திருநாவுக்கரசு வாயைத் திறந்தால் எதிரே மைக் இருப்பதாகவே தோன்றும். "கீழ்ப்பாதியைக் கண்டேன், மகிழ்ந்தேன். மேற்பாதியைக் கண்டேன், கண்ணை மூடிக்கொண்டேன். பாதிக் கட்டடத்துக்கு ஒப்புதல் வழங்க விதியில் இடமில்லை."

கீழே இருப்பது ரோமாபுரித் தூண் ஆயிற்றே, அது எப்படி நம் மரபு ஆகும் என்று தனகோடி தெரியாத்தனமாகக் கேட்டுவைத்தார். உரோமர்கள் நம்மிடம் மிளகு வாங்கியவர்கள், ஆகவே தூண் நம்முடையது என்று பதில் வந்தது.

ரஞ்சித்குமார் முதுகு சாய்க்க இடமில்லாத நாற்காலியில், கூலிங்கிளாஸைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு இருந்தார். "டாப் ஹாஃப் செம ஜி. மூச்சு விடுது. பாட்டம் ஹாஃப் கல்யாண மண்டபம். என்னால கையெழுத்துப் போட முடியாது ஜி, நைட்டு தூக்கம் வராது."

கோப்பு இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் நடந்து நடந்து கடைசியில் கூட்டாய்வு என்று முடிவானது. இருவரும் தனித்தனி ஜீப்பில் வந்தார்கள். தனித்தனி இளநீர் குடித்தார்கள். குடிக்கும்போது தலை நிமிரும் அல்லவா, அப்போதுதான் இருபதாவது மாடியில் தொங்கியது கண்ணில் பட்டது.

திருநாவுக்கரசு நெகிழ்ந்துவிட்டார். வாயிற்காவல் பூதம் என்றார், நம் சிற்ப மரபின் தொடர்ச்சி என்றார், நாக்கின் வளைவிலேயே பல்லவர் சாயல் தெரிகிறது என்றார். ரஞ்சித்குமார் கூலிங்கிளாஸைக் கழற்றினார். "இன்ஸ்டலேஷன். ரா மெட்டீரியல். நுகர்வுச் சமூகத்தைப் பார்த்து நாக்கை நீட்டுது. பிரமாதம் ஜி. எந்த ஆர்ட்டிஸ்ட்?"

"சார், அது வந்து..." என்று தனகோடி ஆரம்பிக்க, விஷால் அவர் காலை மிதித்தான். ஏசுபாதம் வானத்தைப் பார்த்தார்.

ஒப்புதல் வந்தது. ஆணையத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக 'மரபுநவீனம்' என்று ஒரு வகை தோற்றுவிக்கப்பட்டு, 'கட்டடத்தின் இரு பாதிகளையும் இணைக்கும் மையக் கூறாக விளங்கும் உருவம்' வரைபடத்தில் சேர்க்கப்பட்டது. நாக்கின் நீளம் உட்பட அளவு போட்டு, கோபுர முத்திரை குத்தி. வீட்டில் மீண்டும் அடுப்பு எரிந்தது. தனகோடி பொம்மை இருந்த திசையை நோக்கி ஒரு கும்பிடு போட்டார்.

ஆவணியில் வேலை முடிந்தது. முகூர்த்தம் குறித்தாயிற்று. ஊர் வழக்கப்படி ஏசுபாதம் பொம்மையை இறக்கி, முச்சந்தியில் வைத்துக் கொளுத்தினார். மிச்சம் இருந்தது பணி நிறைவுச் சான்று ஒன்றுதான். அது வந்தால்தான் கரண்ட், கரண்ட் வந்தால்தான் லிஃப்ட், லிஃப்ட் ஓடினால்தான் ராஜேந்திரன் நாற்பதாவது மாடிக்கு வருவார்.

அதிகாரிகள் வந்து வரைபடத்தை விரித்தார்கள். அண்ணாந்தார்கள். மீண்டும் வரைபடத்தைப் பார்த்தார்கள்.

"மையக் கூறு எங்கே?" என்றார் திருநாவுக்கரசு.

"எடுத்தாச்சுங்க ஐயா," என்றார் தனகோடி.

"ஏன் எடுத்தீர்?"

"கட்டடம் முடிஞ்சிடுச்சுங்களே."

"வரைபடத்தில் உள்ள உருவம் கட்டடத்தில் இல்லை. ஆகவே கட்டடம் முடியவில்லை."

"முடிஞ்சதாலதான் ஐயா எடுத்தோம்."

"எடுத்ததால்தான் முடியவில்லை. முடிக்கவேண்டுமானால் மாட்டும்."

மாட்டினார்கள். புது வைக்கோல், புது பெட்ஷீட், அதே நாக்கு. சான்று வரும் என்று தெரிந்தவுடன் புரோகிதர் கையை விரித்துவிட்டார். "பொம்மை தொங்கற வரைக்கும் அது க்ருஹமே இல்லை ஓய், ஸைட். ஸைட்ல எப்படி பால் காய்ச்சறது?" ராஜேந்திரன் போனிலேயே சிரித்தார். பொம்மை தொங்குகிற வீட்டுக்கு வரிசைத் தட்டு தூக்கிக்கொண்டு வந்தால் தாம்பரமே கை கொட்டிச் சிரிக்குமாம். திருப்பூர்க்காரர்கள் ஜாதகம் கேட்டார்கள் என்றும் ஒரு வார்த்தை போட்டுவைத்தார்.

தனகோடி மறுபடி ஆணையத்தின் படியேறினார். சான்று வாங்கும் நாளுக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறேன், அப்புறம் இறக்கிவிடுகிறேன் என்றார். கட்டடத்தின் முகத்தோற்றம் வாடகைக்கு எடுக்கும் நகையல்ல என்று திருநாவுக்கரசு வருந்தினார். சரி, பொம்மையை நீக்கித் திருத்திய வரைபடம் தருகிறேன் என்றார் தனகோடி. அங்கேதான் புதுச் சிக்கல். சேர்க்கும்போது இரண்டு பிரிவும் சொந்தம் கொண்டாடிய பொம்மை, நீக்கும்போது இரண்டு பிரிவுக்கும் வேண்டாததாகிவிட்டது. அது நவீனச் சிற்பம், பக்கத்து மேசையில் கேளும் என்றார் திருநாவுக்கரசு. "ஹெரிடேஜ்ல கை வைக்க எனக்குப் பவர் இல்ல ஜி," என்றார் ரஞ்சித்குமார். இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரே ஃபேன் சுற்றியது. காற்று தனகோடிக்கு மட்டும் வரவில்லை.

போர்ஷனில் விஷால் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தான். பெயிண்ட் அடித்த பொய்ச் சுவர் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. "நைனா, கீர்த்தனா போன எடுக்க மாட்றா," என்றான். அவன் டாடை விட்டுவிட்டு நைனாவுக்கு இறங்கியதும் தனகோடியும் தன் தட்டைத் தள்ளிவைத்தார்.

ஐப்பசி மழை வந்தது. ஊரெல்லாம் வெள்ளம், பொம்மையில் மட்டும் விளைச்சல். வைக்கோலில் ஒட்டிக்கொண்டிருந்த நெல்லெல்லாம் முளைத்து, பொம்மையின் கழுத்து, கக்கம், காது என்று பச்சைப் பசேலென்று நாற்று ஆடியது. மூக்கில் கொக்கு வந்து உட்கார்ந்தது. இப்போதாவது அழுகிப்போன பொம்மை என்று சொல்லி எடுத்துவிடலாம் என்று தனகோடி ஓடினார். அவருக்கு முன்னால் ரஞ்சித்குமார் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டிருந்தார். செங்குத்துத் தோட்டம் என்றார். சுவாசிக்கும் முகப்பு என்றார். மையக் கூறு இனி பசுமைக் கூறும் ஆகிவிட்டபடியால், பயிர் நிற்கும் நிலத்தில் எந்த மாற்றமும் கூடாது என்று ஒரு குறிப்பு சேர்ந்தது.

அந்தப் போட்டோதான் ஊரைக் கெடுத்தது. கடற்கரைச் சாலை நெடுக, கட்டி முடித்துக் குடிவந்த வீடுகளிலெல்லாம் பொம்மைகள் ஏற ஆரம்பித்தன. மரபுக்காரர்கள் கிரீடம் வைத்த பொம்மை மாட்டினார்கள். நவீனக்காரர்கள் முகமே இல்லாத சாம்பல் நிறப் பொம்மை மாட்டினார்கள். அப்புறம் பார்த்தால் உண்மை ஆள் போலவே, மெழுகிலும் ஃபைபரிலும், கோட்டு போட்டது, வேட்டி கட்டியது என்று பெரிய இடங்களின் வாசலில் நிற்கவைத்தார்கள். ஃப்ளாட் வாங்க வருகிறவர்கள் கடல் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, பொம்மை தெரியுமா என்று கேட்டார்கள். வசந்தா வருகிறவர்களிடமெல்லாம் இதை முதலில் யோசித்தது தான்தான் என்றார். விஷாலும் அப்படியே சொன்னான்.

மார்கழியில் ராஜேந்திரனே போன் போட்டார். ஜவுளிக்கடை வாசலுக்கு ஒரு பொம்மை ஆர்டர் கொடுத்திருக்கிறாராம். "சம்பந்தி, ஒரிஜினல் உங்களுதுதானே? அதுக்குக் கீழதான் வெத்தல பாக்கு மாத்தணும்னு எங்க வூட்ல புடிவாதமா கீறாங்க. எடுத்துகிடுத்துடப் போறீங்க." புரோகிதரும் யோசித்துப் பார்த்தாராம். உக்கிர தேவதையாகப் பாவித்துக்கொண்டால் தோஷமில்லையாம்.

தையில் முகூர்த்தம். அன்று காலையே இறுதி ஆய்வு, சான்று கையில் கிடைத்ததும் கரண்ட், உடனே பால். இதற்கு நடுவில் ஏசுபாதம் வந்து காதைக் கடித்தார். "அண்ணாத்த, கட்டடத்த இப்ப ஒருத்தனும் பாக்கறதில்ல. ஊரே பொம்மையப் பாத்துதான் வயிறெரியுது. பொம்மைக்குத் திருஷ்டி பட்டுடும்."

பொம்மைக்கே திருஷ்டி படாமல் இருக்க இன்னும் என்னத்தை மாட்டுவது? கண்ணாடிதான். சலூன்களுக்குக் கண்ணாடி பதிக்கிறவரைப் பிடித்து, வாசலை ஒட்டிய மதிலில், ஜனங்கள் நின்று வாய் பிளக்கிற இடத்துக்கு நேர் எதிரே, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கண்ணாடி பதித்தார்கள். வசந்தா தங்கச் சட்டம் கேட்டார். செய்ய நேரமில்லாததால் விஷாலின் பாணி ஜெயித்தது. சட்டமும் இல்லை, விளிம்பும் இல்லை, கண்ணாடி இருப்பதே தெரியவில்லை.

முதலில் வந்து இறங்கியது ராஜேந்திரன். மதிலுக்கு முன் நின்றவர் அசையவில்லை. "இது யாரு செஞ்சது? தொப்பையெல்லாம் தத்ரூபமா கீதே," என்றார். கிட்டப் போய் உற்றுப் பார்த்தார். "மூஞ்சில மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனம் தெரியுது. இருந்தாலும் வேலை சுத்தம்." பெண் வீட்டார் எல்லாரும் ஆமோதித்தார்கள். சம்பந்தியைத் திருத்துகிற நாளா அது? தனகோடியும் தலையாட்டினார்.

ஜீப்புகள் வந்தன. அதிகாரிகள் மேலே பார்த்தார்கள். பொம்மை இருந்தது, நாக்கு இருந்தது, பயிர்கூட இருந்தது. திருப்தி. பேனாவைத் திறந்துகொண்டே திரும்பிய திருநாவுக்கரசு மதிலைப் பார்த்தார். பேனா மூடியது.

"தனகோடி, இவை என்ன?"

"எவை ஐயா?"

"கோப்பை இடுக்கிக்கொண்டு ஒரு கிழப் பொம்மை. பக்கத்தில் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு அசட்டுப் பொம்மை. வரைபடத்தில் இரண்டும் இல்லை."

வாழ்நாளில் முதன்முறையாக ரஞ்சித்குமார் பக்கத்து மேசையோடு ஒத்துப்போனார். "ஜி, இது மாடர்னும் இல்ல, டிரெடிஷனலும் இல்ல. அந்தக் கிழத்துக்கு என்ன போஸு? என்ன பாத்து முறைக்குது. டேஸ்ட்டே இல்லாம பண்ணியிருக்காங்க."

மேளக்காரர் நாயனத்தை வாயிலிருந்து எடுத்தார். பால் பாத்திரத்தோடு வசந்தா உறைந்தார். கரண்ட் கொடுக்க வந்தவர் ஏணியில் பாதியில் நின்றார். விஷால் அப்பாவைப் பார்த்தான்; ராஜேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது கண்ணாடி என்று சொன்னால், அதில் நிற்பது யார் என்றும் சொல்லவேண்டிவரும். சொன்னபிறகு எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவான்? சொல்லாவிட்டால் அனுமதியற்ற பொம்மை, சான்று இல்லை, லிஃப்ட் இல்லை, கீர்த்தனா திருப்பூருக்கு.

தனகோடி அடக்கமாகக் கை கட்டினார். "தப்புதாங்க ஐயா. ஆளுங்க தெரியாம வச்சுட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் இப்படி வந்து பந்தல் நெழல்ல உக்காருங்க, ஒரு ஜூஸ் சாப்புடுங்க. அதுக்குள்ள ரெண்டையும் தூக்கிடறேன்."

இருவரும் பந்தலுக்கு நடந்தார்கள். நாற்காலியில் அமர்ந்து திரும்பிப் பார்த்தார்கள். மதிலில் பொம்மைகள் இல்லை.

"இவ்வளவு துரிதமாகச் செயல்பட்ட கட்டுநரை என் பணிக்காலத்தில் கண்டதில்லை," என்றார் திருநாவுக்கரசு. சான்றில் முத்திரை விழுந்தது. அடியில் தன் கைப்படக் குறிப்பும் எழுதினார்: 'ஆய்வின்போது காணப்பட்ட, பயனற்ற, பார்வைக்கு ஒவ்வாத இரு உருவங்கள் உடனடியாக அகற்றப்பட்டன. அதன்பின் வளாகத்தின் தோற்றம் வெகுவாக மேம்பட்டுள்ளது.' ரஞ்சித்குமார் அதன்கீழ் கையெழுத்திட்டார். ஜீப்புகள் பின்வாசல் வழியாகப் போக, ஏசுபாதம் வழிகாட்டினார்.

கரண்ட் வந்தது. லிஃப்ட் ஓடியது. புரோகிதரும் பசுமாடும் சரக்கு லிஃப்டில் ஏற, மற்றவர்கள் பெரிய லிஃப்டுக்கு முண்டியடித்தார்கள். ராஜேந்திரனுக்கு மட்டும் ஒரு குறை. "அந்தத் தொப்ப பொம்ம எங்க சம்பந்தி? அதே மாதிரி ஒண்ணு எங்க வூட்டுக்கு வேணும்."

"அது எப்பவோ உங்க வூட்டுக்குப் போயிடுச்சு சம்பந்தி," என்று சொல்லி அவரை லிஃப்டுக்குள் தள்ளிக் கதவை மூடினார் தனகோடி.

அடுத்த லிஃப்டுக்குக் காத்திருந்த நேரத்தில் காலரைச் சரிசெய்துகொள்ள மதில் பக்கம் வந்தார்; வசந்தாவும் விஷாலும் கூடவே வந்தார்கள். கண்ணாடியில் மூன்று பேர் நின்றார்கள். கழுத்து தெரியாமல் நகை போட்டு, பால் பாத்திரத்தை அணைத்தபடி ஒரு மகாராணி. தலை முதல் கால் வரை கறுப்பில், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒருவன். நடுவில் வெள்ளை வேட்டியில், சான்றைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.

தனகோடி சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. மனைவியையும் மகனையும் தோளைப் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, தானும் ஓர் அடி விலகி, எட்டிப் பார்த்தார்.

எதிர்ச்சாரியில் மிச்சமிருந்த நாலைந்து சவுக்கு மரங்களும், அதற்கு மேல் கொஞ்சம் வானமும் மட்டும் தெரிந்தன. வளாகத்தின் தோற்றம், சான்றில் எழுதியிருந்தபடியே, வெகுவாக மேம்பட்டுத்தான் இருந்தது.